புற்றுநோய்க்கு மரபணுப் பரிசோதனை: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புற்றுநோய் என்று உறுதியான சில நாட்களிலேயே பல குடும்பங்களின் காதில் விழும் சொல் ‘ஜீன் டெஸ்ட்’. கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை அனுப்பினால், நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் படித்து அறிக்கை தருவார்கள். தனியாரில் இதற்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். நகையை அடகு வைத்தாவது செய்துவிட வேண்டுமா, செய்யாமல் விட்டால் நோயாளிக்குத் துரோகம் செய்தது போலாகுமா என்று வீட்டில் பேச்சு நடக்கும்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் பலருக்கும் வருகிறது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012 - 2016 அறிக்கையின்படி, அந்த ஐந்தாண்டுகளில் பதிவான புதிய நோயாளிகள் 115,238 பேர். அவர்களில் 63.7 விழுக்காட்டினருக்கு நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிய பிறகே கண்டுபிடிக்கப்பட்டது. மரபணுப் பரிசோதனை பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கட்டங்களில்தான் எழுகிறது.

சில புற்றுநோய்களில் இந்தப் பரிசோதனை முடிவு வராமல் மருந்தைத் தேர்வு செய்யவே கூடாது. வேறு சிலவற்றில் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது. நோயாளியின் நோய் இதில் எந்த வகை என்பதைப் பணம் கட்டும் முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

எதைப் பார்க்கிறார்கள்?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட குறிப்பேடு என்று அதைச் சொல்லலாம். அதில் சுமார் 20,000 பகுதிகள் உடலுக்குத் தேவையான புரதங்களை உண்டாக்கும் கட்டளைகள். அவையே மரபணுக்கள்.

செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கவனிக்கும் மரபணுக்களில் எழுத்துப் பிழை சேரச் சேர, செல் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. அதுதான் புற்றுநோய். புகை, வயது, கிருமிகள், வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் பழக்கம் எனப் பிழைக்குப் பல காரணங்கள் உண்டு. சிலருக்கு மட்டும் பெற்றோரிடமிருந்தே ஒரு பிழை வந்திருக்கும்.

ஒரே உறுப்பில் வந்த புற்றுநோய் என்றாலும் இருவருக்கு ஒரே பிழை இருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கொடுத்த மாத்திரை நமக்கு ஏன் கொடுக்கப்படவில்லை என்ற கேள்விக்குப் பல நேரம் இதுவே பதில்.

ஒரு மாத்திரையில் தொடங்கியது

பிழையைக் கண்டுபிடித்து அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்ற நம்பிக்கை ரத்தப் புற்றுநோய் ஒன்றிலிருந்து பிறந்தது. 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள், நாட்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் ஏற்பட்டது அது என்று 1973-ல் ஜேனட் ரோலி விளக்கினார். அந்த ஒட்டில் பிறக்கும் புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையில் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் பத்தாண்டு கழித்தும் உயிருடன் இருந்ததை நீண்டகால ஆய்வு காட்டியது.

அதற்கு முன்பே, 1998-ல், ஹெர்-2 மிகுந்த மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுஸுமாப் ஊசி வந்துவிட்டது. 2004-ல் நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் பிழைக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரைக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது.

மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஒன்பது ஆசிய இடங்களின் நோயாளிகள் கலந்துகொண்ட ஐபாஸ் என்ற ஆய்வு 2009-ல் வெளியானது. இ.ஜி.எஃப்.ஆர். பிழை இருந்தவர்களில் 71.2 விழுக்காட்டினருக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரையால் கட்டி சுருங்கியது. கீமோவால் சுருங்கியது 47.3 விழுக்காட்டினருக்கு. பிழை இல்லாதவர்களிடம் நிலைமை தலைகீழ். மாத்திரையால் பலன் 1.1 விழுக்காட்டினருக்கு மட்டுமே, கீமோவால் 23.5 விழுக்காட்டினருக்கு. பரிசோதனை செய்யாமல் மாத்திரையைக் கொடுத்திருந்தால், பிழை இல்லாதவர்களுக்குப் பொன்னான மாதங்கள் வீணாகியிருக்கும்.

ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா?

முன்பு ஒரு மரபணுவுக்கு ஒரு பரிசோதனை என்று செய்தார்கள். ஹெர்-2 பார்க்க ஒன்று, இ.ஜி.எஃப்.ஆர். பார்க்க ஒன்று. இன்றும் இது வழக்கத்தில் உள்ளது. செலவு குறைவு, முடிவும் சீக்கிரம் வரும்.

ஆனால் நுரையீரல் புற்றுநோயில் மட்டும் இன்று பார்க்க வேண்டிய மரபணுக்கள் பத்தை நெருங்கிவிட்டன. நுரையீரலுக்குள் ஊசி விட்டு எடுக்கும் சதையோ நூல் அளவுதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால், முக்கியமான ஒன்றுக்கு வரும்போது சதை தீர்ந்துபோகும். மறுபடியும் ஊசி போட வேண்டியிருக்கும்.

இதற்கு விடையாக வந்ததுதான் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் முறை. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக என்.ஜி.எஸ். என்பார்கள். மனித மரபணுத் தொகுதியை முதன்முதலாகப் படித்து முடிக்க 1990 முதல் 2003 வரை 13 ஆண்டுகள் பிடித்தன. இன்று இயந்திரங்கள் கோடிக்கணக்கான துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே சமயத்தில் படிப்பதால் சில நாட்களில் வேலை முடிகிறது. 324 மரபணுக்களைப் படிக்கும் ஃபவுண்டேஷன்-ஒன் என்ற பரிசோதனைக்கு 2017 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்த பிறகு இந்த முறை உலகெங்கும் வேகமாகப் பரவியது.

லேபில் என்ன நடக்கிறது?

பயாப்சியில் எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, நோய்க்குறி நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுச்செல்கள் போதிய அளவு உள்ளனவா என்று முடிவு செய்வார். புற்றுச்செல் மிகக் குறைவாகவும் சாதாரணச் செல் அதிகமாகவும் இருந்தால் பிழை கண்ணில் படாமல் போகலாம். பிறகு டி.என்.ஏ.வைப் பிரித்து, தேவையான மரபணுக்களை மட்டும் தூண்டில் போட்டது போலப் பிடித்து, இயந்திரத்தில் படித்து, கணினியில் ஒப்பிடுகிறார்கள். அறிக்கை கைக்கு வரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

எலும்பிலிருந்து எடுத்த சதையை மென்மையாக்க அமிலத்தில் வைப்பதுண்டு. அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். பல ஆண்டு பழைய மெழுகுக் கட்டியிலும் டி.என்.ஏ. சிதைந்திருக்கலாம். ‘சாம்பிள் போதவில்லை’ என்று பதில் வந்தால் மறுபடி கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மாவட்ட மருத்துவமனையில் பயாப்சி எடுத்துவிட்டு நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர் தோட்டப்புறத்தில் அதிகம். மெழுகுக் கட்டி முதல் மருத்துவமனையிலேயே இருக்கும். அதைக் கேட்டு வாங்கி அனுப்பினால் போதும், நோயாளி மறுபடி ஊசிக்குப் படுக்க வேண்டியதில்லை. பயாப்சி எண் எழுதிய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தால் தேடும் நாட்கள் மிச்சம்.

ரத்தத்தில் பார்ப்பது

கட்டி தன் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் உதிர்க்கிறது. கையிலிருந்து ரத்தம் எடுத்து அவற்றைப் படிக்கும் முறைக்கு ‘லிக்விட் பயாப்சி’ என்று பெயர். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் இத்தகைய இரண்டு விரிவான பரிசோதனைகள் அனுமதி பெற்றன. சதை எடுக்க முடியாத இடத்தில் கட்டி இருந்தாலோ, மருந்து வேலை செய்வதை நிறுத்தியபின் புதுப் பிழை வந்துள்ளதா என்று பார்க்கவோ இது உதவும். ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் பலன் தராமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு டி-790-எம் என்ற புதுப் பிழை உண்டாகியிருக்கும். அதற்கு ஒசிமெர்டினிப் என்ற வேறு மாத்திரை உண்டு.

ரத்தத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் கட்டியில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. கட்டி போதிய அளவு உதிர்க்காமலும் இருந்திருக்கலாம். அப்போது சதையில் பார்க்க வேண்டும்.

எந்தப் புற்றுநோய்க்குத் தேவை?

ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், பரவிவிட்ட நிலையில் உள்ள நான்கு புற்றுநோய்களுக்கு என்.ஜி.எஸ். பரிசோதனையை வழக்கமாகச் செய்யலாம் என்றது. அவை: செதிள்செல் அல்லாத நுரையீரல் புற்றுநோய், ப்ராஸ்டேட், சூலகம், பித்தநாளம். 2024-ல் பட்டியலை நீட்டி, பரவிய மார்பகப் புற்றுநோயையும் வேறு சிலவற்றையும் சேர்த்தது.

இதில் நுரையீரல் முதலில் நிற்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். பிழை கிழக்காசிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் காணப்படுகிறது. மேற்கத்தியரிடம் 10 - 15 விழுக்காடு. இந்தியர்களின் அளவு இவ்விரண்டுக்கும் நடுவில். புகைபிடிக்காத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இந்தப் பிழை இருக்கும் வாய்ப்பு அதிகம். இத்தகையவர்களுக்கு இம்யூனோதெரபி ஊசி மட்டும் கொடுத்தால் பலன் மிகக் குறைவு. எனவே அவசரப்பட்டு விலையுயர்ந்த ஊசியைத் தொடங்காமல் முடிவுக்குக் காத்திருப்பதே முறை.

குடல் புற்றுநோயில், தேவையற்ற மருந்தைத் தவிர்க்க மரபணு முடிவு உதவுகிறது. கே-ராஸ் மரபணுவில் பிழை இருந்தால் செடுக்ஸிமாப் ஊசி பொதுவாகப் பலன் தராது. வேலை செய்யாத ஊசிக்குப் பணம் கட்டுவதை இந்த முடிவு தடுக்கும். இதைப் பார்க்க 300 மரபணுப் பரிசோதனை கட்டாயமில்லை, சில மரபணுக்களை மட்டும் பார்த்தாலும் போதும்.

தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2-வும் வழக்கமான சாயப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு மட்டும் கீமோ தேவையா என்று கணிக்க 21 மரபணுக்களின் செயல் அளவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. 2018-ல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வின்படி, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத, ஹார்மோன் வகை நோயில் நடுத்தர மதிப்பெண் பெற்ற பெரும்பாலான பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்தது. 50 வயதும் அதற்குக் குறைவானவர்களிலும் ஒரு பகுதியினருக்குக் கீமோவால் கொஞ்சம் பலன் இருந்தது.

பிழை தெரிந்தால் மருந்து உண்டா?

பரிசோதனை செய்தால் மருந்து கிடைத்துவிடும் என்று நம்பிச் செய்பவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2015-ல் தொடங்கிய என்.சி.ஐ.-மேட்ச் திட்டத்தில் ஏறத்தாழ 6,000 பேரின் கட்டிகள் பரிசோதிக்கப்பட்டன. மருந்துக்கு இலக்காகக்கூடிய பிழை 37.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. எல்லா நிபந்தனைகளையும் பார்த்தபின் மருந்துப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் 17.8 விழுக்காடு மட்டுமே. சேர்க்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் கட்டி சுருங்கியது என்றும் சொல்ல முடியாது.

பிரான்சில் நடந்த ஷிவா ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. வழக்கமான சிகிச்சைகள் தீர்ந்துபோன 195 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மரபணுப் பிழையைப் பார்த்து, அந்த உறுப்புக்கு அனுமதி இல்லாத மருந்து கொடுக்கப்பட்டது. மறு பிரிவுக்கு டாக்டர் வழக்கப்படி தேர்ந்தெடுத்த சிகிச்சை. நோய் முற்றாமல் இருந்த காலம் முதல் பிரிவில் 2.3 மாதம், மறு பிரிவில் 2.0 மாதம். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஒரே பிழை எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது ஒரு காரணம். பி-ராஃப் பிழை உள்ள தோல் புற்றுநோயில் வெமுராஃபெனிப் மாத்திரை பாதிப்பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. அதே பிழை உள்ள குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுத்தபோது பெரும்பாலும் பலனில்லை. அங்கே வேறு மருந்துடன் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

உறுப்பு எதுவானாலும் பலன் தரும் சில குறிகளும் உண்டு. மரபணுப் பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டுப்போன கட்டிகளுக்கு, எந்த உறுப்பானாலும் பெம்புரோலிஸுமாப் கொடுக்கலாம் என்று 2017-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. என்.டி.ஆர்.கே. இணைவு உள்ள கட்டிகளுக்கு 2018-ல் லாரோட்ரெக்டினிப் வந்தது. ஆனால் வழக்கமாக வரும் புற்றுநோய்களில் இந்த இணைவு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது.

‘பொருள் விளங்காத மாற்றம்’

அறிக்கையில் பலரைப் பயமுறுத்தும் வரி ஒன்று உண்டு. பொருள் இன்னும் விளங்காத மாற்றம் என்று எழுதியிருப்பார்கள். அந்த எழுத்து மாற்றம் நோயைத் தருமா, வெறும் முகச்சாயல் போன்ற வேறுபாடா என்று இன்னும் தெரியவில்லை என்பதே அதன் அர்த்தம். அதை வைத்து மருந்தோ அறுவை சிகிச்சையோ முடிவு செய்யக் கூடாது.

நம்மவர்களின் அறிக்கைகளில் இந்த வரி அடிக்கடி வரக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்திருப்பது. இந்தக் குறையைப் போக்கும் வேலை இங்கேயே நடக்கிறது. 2019-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று 4,810 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தது. அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். மலேசியாவில் 560 மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு, மேற்கத்தியக் கட்டிகளிலிருந்து அவை சில முக்கிய அம்சங்களில் வேறுபடுவதைக் காட்டியது. ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டு வரும் பாரத்தில் நம்மவர்கள் கையெழுத்திடுவது, நாளை நம் பிள்ளைகளின் அறிக்கை தெளிவாக வர உதவும்.

குடும்பத்துக்கும் சேரும் செய்தி

கட்டியில் காணும் பிழைகளில் பெரும்பாலானவை கட்டியோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 போன்றவற்றில் பிழை தெரிந்தால், அது பிறப்பிலேயே வந்ததா என்று ரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனியாகப் பார்க்க வேண்டும். பிறப்பில் வந்தது என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும்தான். ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் அபாயமும், அரிதாக மார்பகப் புற்றுநோய் அபாயமும் கூடும்.

‘பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும்’ என்று இதை மூடி மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்தால் பிழை மறைந்துவிடாது. தெரிந்தவர்கள் இளவயதிலேயே எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு, சூலகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை போன்ற பாதுகாப்பைத் தேடிக்கொள்ள முடியும். சோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் பேசக் கேட்பது நோயாளியின் உரிமை. சிங்கப்பூரில், நோயில்லாதவர் முன்கூட்டியே செய்துகொள்ளும் மரபணுச் சோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு 2021 முதல் கட்டுப்பாடு உள்ளது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. இந்த முடிவு வந்தால் என் சிகிச்சை மாறுமா? எப்படி மாறும்?

2. சில மரபணுக்களை மட்டும் பார்க்கும் மலிவான பரிசோதனை போதாதா?

3. பிழை தெரிந்தால் அதற்கான மருந்து இங்கே கிடைக்கிறதா? மாதம் என்ன செலவு? யார் கட்டுவது?

4. முடிவு வரும் வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது பாதுகாப்பானதா?

5. நோயாளியின் உடல்நிலை புதிய மருந்தைத் தாங்குமா?

மூன்றாவது கேள்வியை யாரும் தவறவிடக் கூடாது. பரிசோதனை ஒருமுறைச் செலவு. மருந்து மாதாமாதம், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வரும் செலவு. கையில் உள்ளதையெல்லாம் பரிசோதனைக்குக் கட்டிவிட்டு, மருந்தின் பெயரை மட்டும் அறிக்கையில் படித்துக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது.

உதவி கேட்கக்கூடிய இடங்கள்

மலேசியாவில் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும் வசதி குறைந்தவர்கள், அங்குள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை முதலில் பார்க்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழி விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமநிதியில் கடும் நோய்ச் சிகிச்சைக்காகப் பணம் எடுக்க வழி உண்டு, அதில் புற்றுநோயும் அடங்கும். பரிசோதனைக் கட்டணம் அதில் சேருமா என்பதைப் பணம் கட்டும் முன் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். தனியார் மருத்துவ அட்டை வைத்திருப்போர் முன் அனுமதிக் கடிதம் பெறாமல் சாம்பிளை அனுப்பக் கூடாது.

சிங்கப்பூரில் 2022 செப்டம்பர் முதல், மெடிஷீல்டு லைஃப் திட்டம் அரசின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே தொகை கொடுக்கிறது. எந்த நோய்க்கு, எந்த நிலையில் என்பதும் பட்டியலில் குறிப்பிடப்பட்டுள்ளது. மரபணு முடிவைக் கொண்டு ஒரு மருந்து பரிந்துரைக்கப்பட்டால், அது பட்டியலில் அந்த நோய்க்கே உள்ளதா என்று மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது அவசியம். இன்று மருந்தில்லாத ஒரு பிழைக்கு நாளை மருந்து வரலாம். கே-ராஸ் மரபணுவின் ஒரு பிழைக்கு மருந்தே செய்ய முடியாது என்று பல காலம் சொல்லப்பட்டது, 2021-ல் சோடோராசிப் என்ற மாத்திரை வந்துவிட்டது. அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த நகலையும் எடுத்துச் சென்று, புதிதாக ஏதும் வந்துள்ளதா என்று கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.